மண்டபச் சாவியைப் பெடியளிடம் கொடுங்கள்

போன மாசி மாதம் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் எனக்கு ஃபோன் எடுத்தான். "அண்ணா, நாங்கள் நாற்பது கொம்பியூட்டர் வைச்சு ஒரு லான் பார்ட்டி செய்யப் போறம். சனி மத்தியானம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் வரைக்கும். சங்கத்திட்ட மண்டபம் கேட்டிருக்கிறம். நெற்வேர்க் பக்கத்தை நீங்கள் பார்ப்பீங்களா?" நான் உடனே ஓம் என்றேன்.

சங்கத்தின் பதில் வர மூன்று மாதம் ஆனது. மண்டபம் தர முடியாதாம். ஆனால் இளையோரை ஊக்குவிக்க வேண்டும் என்பதால், ஆண்டுவிழாவில் நடனத்துக்கும் இராப்போசனத்துக்கும் நடுவில் "கணினி விளையாட்டு மூலை" என்று இரண்டு மேசை தருவார்களாம். இரண்டு மணித்தியாலம். தொடக்கி வைக்க ஒரு பிரதம விருந்தினர் வேறு. குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அவர் என்ன செய்வார், மவுஸைத் தொட்டுக் கும்பிடுவாரா?

சங்கத்தின் பெயரை எழுதவில்லை. உங்கள் ஊர்ச் சங்கத்தைக் கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

டிஸ்கோர்டோடு வளர்ந்த தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு சின்ன விளக்கம். லான் பார்ட்டி என்றால், எல்லோரும் தங்கள் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓர் இடத்துக்கு வந்து, ஒரே நெற்வேர்க்கில் கொழுவி, பக்கத்துக் கதிரையில் இருப்பவனையே சுட்டு விழுத்தும் கூத்து. நான் படிக்கும் காலத்தில் 17 அங்குலக் கண்ணாடி மொனிட்டரை, சின்னப் பிள்ளைகளைப் பனியில் இழுக்கும் பிளாஸ்ரிக் ஸ்லெட்டில் கட்டி, பிளாமொண்டோன் மெட்ரோவடியிலிருந்து நண்பன் வீடு வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாடத்தான். கை விறைத்துப்போய் முதல் அரை மணித்தியாலம் எல்லோரிடமும் செத்தேன்.

சங்கத்தார் சொன்ன காரணங்களில் முதலாவது, இரவு. இரவில் பிள்ளைகள் வெளியில் நிற்கக்கூடாதாம். ஐயா, அதே மண்டபத்தில் ஐம்பதாவது பிறந்தநாள் என்று இரவு இரண்டு மணி வரை ஸ்பீக்கர் அதிர்கிறது. சாமத்தியவீட்டுக்கு வந்த மாமாமார் கார் தரிப்பிடத்தில் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் இரவுக்கு ஒரு குறையும் இல்லை. பெடியள் விழித்திருந்தால்தான் இரவு கெட்டுப்போகிறது.

இரண்டாவது காரணம், "கேம் விளையாடி என்ன படிக்கப் போகினம்?" இதற்குத்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டது விளையாட மட்டும் அல்ல, நடத்த. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் அந்த நிர்வாகசபைக்குத் தெரியவில்லை.

நாற்பது கொம்பியூட்டர் என்று சொல்வது சுகம். மொனிட்டரோடு சேர்த்து ஒன்றுக்கு 450 வாட் என்று வையுங்கள். மொத்தம் 18,000 வாட். இங்கே சாதாரணச் சுவர் பிளக் ஒன்றின் பின்னால் 120 வோல்ட், 15 அம்பியர் பிரேக்கர் இருக்கும். மணிக்கணக்காக ஓடும் சுமைக்கு அதில் 80 வீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது கணக்கு; அதாவது 1440 வாட். ஒரு பிரேக்கருக்கு மூன்று கொம்பியூட்டர். அப்படியானால் நாற்பதுக்கு 14 தனித்தனி இணைப்பு வேண்டும். சுவரில் ஐம்பது பிளக் இருக்கிறதே என்று பார்த்து ஏமாறக்கூடாது, பத்துப் பிளக் ஒரே பிரேக்கரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். எது எதில் என்று அறிய ஒரே வழிதான் உண்டு. முதல் நாளே ஒரு மேசை விளக்கோடு போய், ஒருவர் பெட்டியடியில் நின்று பிரேக்கரை ஒவ்வொன்றாக நிறுத்த, மற்றவர் மண்டபத்தைச் சுற்றி ஓடி எது அணைகிறது என்று கத்த வேண்டும். பிறகு மண்டபப் படம் கீறி, எந்த மேசை எந்தப் பிரேக்கர் என்று எழுத வேண்டும். தேத்தண்ணிக் கேத்தல் எதில் கொழுவப்படும் என்பதும் அந்தப் படத்தில் இருக்க வேண்டும். கேத்தல் ஒன்றே 1500 வாட் இழுக்கும்; அதை மேசை வரிசைக்குள் செருகினால் அரையிறுதி ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது.

அந்த 18,000 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 1500 வாட் ஹீற்றர் பன்னிரண்டை ஒரு மண்டபத்துக்குள் போட்டதற்குச் சமம். மொன்றியலின் பெப்ரவரிக் குளிரில் சங்கத்துக்கு ஹீற்றர் காசு மிச்சம். ஹைட்ரோ கியூபெக் கட்டணத்தில் 24 மணித்தியாலம் முழுக்க ஓடினாலும் கரண்ட் செலவு ஐம்பது டொலர் அளவில்தான் நிற்கும். பொருளாளர் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி நெற்வேர்க். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்து இருக்கும்போது ஒரு கேமுக்கு 20 ஜிகாபைட் அப்டேட் வந்துவிட்டது என்று வையுங்கள். மண்டபத்து இணைப்பு 100 மெகாபிட். நாற்பது பேரும் ஆளுக்கொன்றாக இறக்கினால் கிட்டத்தட்ட 18 மணித்தியாலம் பிடிக்கும். பார்ட்டியே 24 மணித்தியாலம்தான். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் மண்டபத்துக்குள்ளேயே ஒரு சேர்வரை வைப்பார்கள். அது ஒருமுறை மட்டும் வெளியிலிருந்து இறக்கும், 27 நிமிடம். அதன் பிறகு எல்லோருக்கும் உள்ளேயே பரிமாறும். பந்திக்குச் சோறு கிடாரத்தில் வேகிறதே ஒழிய, விருந்தாளி ஆளுக்கொரு பானை கொண்டுவருவதில்லைத்தானே.

அதற்குப் பிறகும் ஒரு புத்திசாலி, வயர் போதவில்லை என்று வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து நடுவில் கொழுவுவான். அதுவும் தன்பாட்டில் எல்லோருக்கும் முகவரி கொடுக்கத் தொடங்கும். ஒரே தெருவுக்கு இரண்டு பேர் வேறு வேறு வீட்டு இலக்கம் ஒட்டிக்கொண்டு போவது போல. பாதிப் பேருக்கு இன்ரர்நெற் இருக்கும், மீதிப் பேருக்கு இராது, ஏன் என்று ஒருவருக்கும் விளங்காது. நாற்பது பேர் கத்திக்கொண்டு நிற்க, எந்த ஸ்விட்சில் எந்த வயர் என்று பதற்றப்படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற பொறுமை இருக்கிறதே, நான் இன்று சம்பளம் வாங்குவது பெரும்பாலும் அதற்குத்தான். பொறியியலில் மாஸ்டர்ஸ் வரை படித்தேன். அங்கே கோட்பாடு தந்தார்கள். கத்துகிற நாற்பது பேரைத் தரவில்லை.

எனக்கு அதைப் படிப்பித்தது மீன். 2004இல், எனக்குப் பதினாறு வயது, எங்கள் வீட்டு பேஸ்மென்டில் பதினொரு கொம்பியூட்டர் வைத்து முதல் பார்ட்டி நடத்தினேன். வெள்ளி இரவு இரண்டு தரம் பிரேக்கர் விழுந்தது. ஓடிப்போய் வயர்களை இடம் மாற்றிக் கொழுவினோம். எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்தது, விளையாட்டு தொடர்ந்தது. விழுந்த மற்றப் பிரேக்கரை ஒருவரும் பார்க்கவில்லை. அதில்தான் அம்மாவின் பெரிய ஃபிரீசர் இருந்தது. அதற்குள் ரொறன்ரோவிலிருந்து ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அறக்குளாவும் விளைமீனும். புதன்கிழமை அம்மா மூடியைத் திறந்தபோது மேல்மாடிக்காரர் வரை கேட்டது.

அப்பா ஷபனெல் வீதித் தையல் தொழிற்சாலையில் இரவு வேலை. அடி விழும் என்று நினைத்தேன். அவர் என்னை மூன்று நாள் அந்த ஃபிரீசரைக் கழுவ வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டு நாடாவும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து, "வா, எது எதுக்கு எண்டு பார்ப்பம்" என்றார். நான் ஓட, அவர் நிறுத்த, பின்னேரம் வரை ஆனது. ஒவ்வொரு பிரேக்கருக்குப் பக்கத்திலும் தமிழில் எழுதி ஒட்டினார். பத்தாம் இலக்கத்தில் "மீன் பெட்டி — தொடாதே" என்று இருந்தது. அடுத்த பார்ட்டி இரண்டு மாதம் கழித்து அதே பேஸ்மென்டில் நடந்தது. ஒரு பிரேக்கரும் விழவில்லை.

அந்த மனிதர் கதவைப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. நிர்வாகசபையிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

உலகத்தில் பெரியது என்று சொல்லப்படும் ட்ரீம்ஹேக், சுவீடனில் மாலுங் என்ற சின்ன ஊரில், ஓர் ஆரம்பப் பாடசாலையின் நிலவறையில் கூடிய வகுப்புத் தோழர்களிலிருந்து வந்தது. 1994இல் அதே பாடசாலையின் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏறியது. பிறகு யோன்ஷோப்பிங் நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொம்பியூட்டரை ஒரே கூரையின் கீழ் கொழுவிக் கின்னஸில் ஏறினார்கள். 2016இல் அந்தப் பெயர் மொன்றியலுக்கே வந்தது. எனக்கு அந்தப் பத்தாயிரத்தில் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்த ஊர்ப் பாடசாலையில் யாரோ ஒரு அதிபரோ காவலாளியோ, நிலவறைச் சாவியைப் பெடியளிடம் நீட்டியிருக்கிறாரே, அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நொட்ர டாம் வீதியில் இருக்கும் ஈ.டி.எஸ். பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2000களிலிருந்து "லான் ஈ.டி.எஸ்." நடத்தி வந்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் கூடும் விழா. நான் முதன்முதல் போனபோது மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு வயர் ஒட்டிக்கொண்டிருந்தவனை எங்கேயோ கம்பனி ஆள் என்று நினைத்தேன். இரண்டாம் வருட மாணவன். நித்திரை இல்லாமல் கண் சிவந்திருந்தது. மறுபடி வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அங்கே எங்கட ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள், எல்லோரும் சீட்டு வாங்கி வந்தவர்கள்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. யூபிசொஃப்ட் 1997இல் மொன்றியலுக்கு வந்து செயின்ட் லோரன்ட் வீதியில் குடியேறிய செங்கல் கட்டடம், முன்பு உடுப்புத் தொழிற்சாலை. எங்கள் அப்பா அம்மாமார் அதே போன்ற கட்டடங்களில்தான் பொத்தான் தைத்துக் கைவிரல் தேய்ந்தார்கள். இன்று அந்தத் தொழிலில் பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால் சங்கம் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தும். அதற்கு முந்திய பத்து வருடம் அவன் எங்கே பழக வேண்டும் என்று கேட்டால் மட்டும் மண்டபம் பூட்டு.

கேம் அடிமைத்தனம் பற்றியும் கேட்டார்கள். அது நியாயமான பயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் கேம் பழக்கக் கோளாறும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவன் சேஜெப்பில் ஒரு வருடத்தை அதனால் தொலைத்தான். ஆனால் அவன் தொலைத்தது தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. மண்டபத்தில் நாற்பது பேருக்கு நடுவில் இருந்திருந்தால் யாராவது ஒருத்தி "டேய், நீ கடைசியாக எப்ப சாப்பிட்டனி?" என்று கேட்டிருப்பாள்.

ஒருத்தி என்று எழுதிவிட்டேன். அதுவும் ஒரு காரணமாம். "பெண்பிள்ளைகளும் வருவினமோ?" வருவார்கள். அந்த நாற்பதில் பன்னிரண்டு பேர் பெண்கள், மின்சாரப் படம் கீறியதே அவர்களில் ஒருத்தி. பெடியனுக்கு இரவு முழுக்க, அவளுக்கு ஒன்பது மணி என்று விதி போட்டால், ஒன்பதரைக்குப் பிரேக்கர் விழும்போது யாரைக் கூப்பிடுவீர்கள்?

இனி உங்கள் பக்கம், தம்பி தங்கச்சிமாரே. சங்கத்தைத் திட்டிக்கொண்டு டிஸ்கோர்டில் இருப்பது சுகமான வேலை. நீங்கள் கொடுத்த கடிதத்தையும் பார்த்தேன். நான்கு வரி. அதில் மின்சாரப் படம் இல்லை, தீயணைப்பு வழி இல்லை, இரவில் யார் பொறுப்பு என்று இல்லை. படம் கீறிய பிள்ளை ஃபோனில் வைத்திருந்தாள், ஒருவரும் அதை இணைக்கவில்லை. அப்படியான கடிதத்துக்கு நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன். ஆளுக்கு 25 டொலர் சேர்த்தால் ஆயிரம் டொலர் வரும், மண்டபச் சுத்தத்துக்கும் கொத்துரொட்டிக்கும் அது காணும். எனர்ஜி பானக் கம்பனியிடம் போய்ப் பதாகை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரவு மூன்று மணிக்கு நாலாவது கானைக் கொடுத்துவிட்டு அவள் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பனி இல்லை, நீங்கள். மதுவும் கஞ்சாவும் வாசலோடு நிற்க வேண்டும், இருபத்தொரு வயது தாண்டியவனுக்கும் சேர்த்து.

அதோடு, உள்ளே ஓடக்கூடிய கேமாகத் தெரியுங்கள். 2010இல் ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகம் லான் வசதி இல்லாமலே வெளியானது. பக்கத்துக் கதிரையில் இருப்பவனோடு விளையாடவும் கம்பனி சேர்வருக்குப் போய் வர வேண்டும். இன்ரர்நெற் நின்றால் எல்லாம் நின்றது. நீங்களே சேர்வரை நடத்தக்கூடிய பழைய கேம்கள் நிறைய இருக்கின்றன, சலிக்காது.

சங்கத்தின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம். புதுக் கடிதம் பதினொரு பக்கம், பிரேக்கர் படத்தோடு. மண்டப வைப்புப் பணத்துக்கு என் காசோலை இணைத்திருக்கிறேன். இரவுக் காவலுக்கு மூன்று பெரியவர்கள் வேண்டும், பெற்றோர் இரண்டு பேர் ஏற்கெனவே ஓம் என்றிருக்கிறார்கள். இரண்டு மணி தொடங்கி ஆறு மணி வரை வாசலடியில் நான் இருப்பேன். கேத்தல் சமையலறைப் பிளக்கில்தான்.