வாயில் திறந்த பின்?



புதுவையில் லாப்போர்த் என்றொரு குடும்பப் பெயர் உண்டு. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கதவு என்பது பொருள். அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர். 1873ஆம் ஆண்டு அவர் காலில் பூட்சும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்தினுள் நுழைந்தார். நுழைந்தது குற்றமன்று, பூட்சோடு நுழைந்தது குற்றமாம்! வெள்ளையர் அணியலாம், இந்த மண்ணில் பிறந்தவர் அணியலாகாது என்றது அன்றைய வழக்கம். தண்டம் விதித்தனர். அவர் தலை கவிழவில்லை. வழக்கைப் பாரிசு நகரத்து உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்; வென்றார். பின்னர், 1881இல் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியர் ஏற்கலாம் என்று ஆணை பிறந்தபோது, முன்னணியில் நின்று அதனை ஏற்றுத் தம் பெயரோடு கதவையே இணைத்துக்கொண்டார்.

ஆண்டுதோறும் மே திங்களில் மருத்துவ நுழைவுத் தேர்வு நடைபெறும் நாளில் எனக்கு அவர் நினைவு வருகிறது. தேர்வு மையத்தின் வாயிலில் நம் பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். மூடிய காலணி கூடாது, செருப்புதான் அணியலாம். முழுக்கைச் சட்டை கூடாது. தோட்டைக் கழற்று, வளையலைக் கழற்று என்கின்றனர். வெளியே வெயிலில் தாய் அந்தத் தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நிற்கிறாள். பொன்னுத்தம்பியாரின் பூட்சைத் தடுத்தது ஆணவம். இந்தப் பிள்ளைகளின் பூட்சைத் தடுப்பது திருட்டுத்தனம் நடந்துவிடுமோ என்னும் அச்சம். இரண்டும் ஒன்று என்று பேசி உங்களிடம் கைத்தட்டல் பெற நான் விரும்பவில்லை. மேடையாக இருந்தால் ஒருவேளை பேசியிருப்பேன்!

ஆயினும் ஒன்று கேட்பேன். வாயிலில் நிற்பவனைச் சோதிப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கேனும், வாயிலைக் கடந்து உள்ளே வந்தவனைத் தாங்குவதில் காட்டப்படுகிறதா?

தேர்வின் அமைப்பை முதலில் பாருங்கள். 2025ஆம் ஆண்டு முறைப்படி 180 வினாக்கள், 180 நிமிடங்கள். வினாவுக்கு ஒரு நிமிடம். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறிவிட்டாலோ கையிலிருப்பதில் 1 பறிபோகும். மொத்தம் 720. இதே ஊரில், கடற்கரைக்கு அருகில், 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லிசே இன்றும் நடைபெறுகிறது. அங்கே படிக்கும் பிள்ளை பக்கலோரேயா தேர்வில் தத்துவப் பாடத்துக்கு மட்டும் நான்கு மணி நேரம் அமர்ந்து, கொடுக்கப்பட்ட பொருள் பற்றித் தன் எண்ணத்தை எழுதுகிறது. ஒரே கடற்காற்று, இரண்டு தேர்வுகள். ஒன்று, "நீ என்ன எண்ணுகிறாய்?" என்று கேட்கிறது. மற்றொன்று, "இந்த நால்வரில் குற்றவாளி எவன்?" என்று அடையாள அணிவகுப்பு நடத்துகிறது!

இந்த அணிவகுப்புக்காக நம் வீட்டுப் பிள்ளை படும் பாட்டை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. விடியலுக்கு முன் எழுகிறான். பயிற்சி நிலையம், பிறகு பள்ளி, மீண்டும் பயிற்சி நிலையம், இரவில் மாதிரித் தேர்வு. தோழரே, இது எட்டு மணி நேர வேலைக்காகக் குருதி சிந்திய ஊர். 1936ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் இங்கே பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் வெடித்தன, பன்னிருவர் மாண்டனர். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அந்தத் தொழிலாளியின் கொள்ளுப்பேரன் இன்று நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் உழைக்கிறான். அவனுக்கு எட்டு மணி நேரச் சட்டமும் இல்லை; அதைக் கேட்க ஒரு சங்கமும் இல்லை.

கதவுகளோ ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல்தான் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். 2019 வரை அது தனக்கென ஒரு நுழைவுத் தேர்வை நடத்தியது; 2020 முதல் அங்கும் 'நீட்' தேர்வே வாயில். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ 2022 முதல் 'கியூட்' என்னும் பொதுத் தேர்வு வாயிலாயிற்று. அங்கே சில பாடப்பிரிவுகளில் மட்டும் உள்ளூர் மாணவர்க்கு நூற்றுக்கு 25 இடம் என்ற ஏற்பாடு உண்டு. அதனை எல்லாப் பாடங்களுக்கும் விரிக்க வேண்டும் என்று புதுவை மாணவர் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகின்றனர். 2023-24 கல்வியாண்டில் புதுவை அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைக் கைவிட்டு மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. ஏனென்று கேட்டால், போட்டித் தேர்வுகளுக்குத் தயாராக வேண்டாமா என்கின்றனர். ஆக, கல்வித் திட்டமே கதவைத் தட்டுவதற்கான பயிற்சியாகிவிட்டது.

நல்லதும் நடந்திருக்கிறது, மறைக்கமாட்டேன். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் உள் ஒதுக்கீடு வேண்டும் என்ற குரலுக்குத் தமிழ்நாடு 2020இல் செவிசாய்த்தது, 7.5 விழுக்காடு தந்தது. புதுவை அமைச்சரவை அதே ஆண்டு 10 விழுக்காடு என்று முடிவெடுத்தது. தடைகளைத் தாண்டி, மத்திய அரசின் இசைவு 2023இல் வந்து சேர்ந்தது. அரசுப் பள்ளியின் பெஞ்சிலிருந்து எழுந்த பிள்ளை மருத்துவக் கல்லூரியின் படிக்கட்டில் கால் வைக்கிறது. சரி. வைத்த பிறகு?

இனி என் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும். பொறுத்தருள்க.

நான் முதலியார்பேட்டையில் ஓர் ஆலைத் தொழிலாளியின் மகன். தமிழ் வழியில் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். 2006ஆம் ஆண்டு கலந்தாய்வில் ஒரு பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அதன் மீது வழக்காட நான் வரவில்லை. தெருவே கூடி வழியனுப்பியது. அப்பா தன் வாழ்நாளில் முதன்முறையாக ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உடன் வந்தார். கல்லூரியின் வாயிலில் காவலாளி அவரை நிறுத்தி, "பெற்றோர் இதுவரைக்கும்தான்" என்றார். அந்தச் சொல்லின் முழுப்பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

உள்ளே பேசப்பட்டது ஆங்கிலம். அதற்கு நான் அணியமாகத்தான் சென்றேன். அணியமாகாதது அந்த ஆங்கிலத்துக்குள் இருந்த இன்னொரு மொழிக்கு. இன்டர்னல் என்றனர், ரெக்கார்டு என்றனர், வைவா என்றனர், கிரெடிட் என்றனர். அரியர் என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழுந்தது. "அவனுக்கு நான்கு அரியர்" என்றதும், அரிய பரிசு நான்கு பெற்றிருக்கிறான் போலும் என்று எண்ணி அந்த மாணவனை மரியாதையோடு பார்த்தேன்! தோற்ற பாடத்தின் பாக்கிக்குத்தான் அப்பெயர் என்பது, எனக்கே இரண்டு வந்த பிறகு தெரிந்தது.

பொறியியல் வரைபட வகுப்பு என்று ஒன்று. அதற்கு டிராஃப்டர் என்னும் கருவி வேண்டும். பலகையில் திருகிக்கொண்டு கோடிழுப்பது. முதல் வகுப்புக்கு என்னிடம் அது இல்லை. இரண்டாம் வகுப்புக்கும் இல்லை. கட்டணம், சீருடை, பேருந்து என்று அப்பா கடன் வாங்கிக் களைத்திருந்த நேரம். இன்னுமொரு செலவைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பக்கத்து இருக்கைத் தோழன் தன் வேலையை முடித்து விட்டுக் கடைசி இருபது நிமிடம் தருவான். அந்த இருபது நிமிடத்தில் நான் வரைந்த கோடுகள் எவ்வளவு நேராக இருந்திருக்கும்! மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் ஏதோ சொன்னார், வகுப்பு சிரித்தது. நான்காம் வகுப்புக்கு நான் செல்லவில்லை. செல்லாமல் எங்கே சென்றேன்? ரோமன் ரோலண்டு நூலகத்துக்குச் சென்றேன். அங்கே நாடக நூல்களைப் படித்தேன். மூன்றாம் பருவம் முடிந்தபோது கல்லூரியை விட்டேன். வீட்டில் ஆறு மாதம் உண்மையைச் சொல்லவில்லை. காலையில் பையோடு புறப்பட்டு மாலையில் பையோடு திரும்பினேன். நான் எழுதிய முதல் நாடகம் மேடையேறியது பிறகு. நான் நடித்த முதல் நாடகம் அதுதான்.

"நாடகாசிரியனாகிவிட்டாயே, நன்மைதானே!" என்பீர். அன்பினால் சொல்கிறீர், ஏற்கமாட்டேன். தப்பிப் பிழைத்த ஒருவன் மேடையில் நின்று பேசுவது உங்கள் காதில் விழுகிறது. என்னோடு சேர்ந்து, என்னைப் போலவே விட்டுச் சென்றவர்கள் எங்கும் பேசுவதில்லை. அவர்களுக்கு நுழையும் தகுதி இல்லாமலில்லை; நுழைந்துதான் இருந்தனர். ஒரு கருவியின் விலை, பத்துச் சொற்களின் பொருள், தயங்காமல் சென்று கேட்க ஒரு மனிதர் இவ்வளவுதான் குறைந்தது.

ஏட்டில் இதற்கும் வழி உண்டு என்பதை அறிவேன். புதிய மாணவர்க்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் வகுத்தது. மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்க்கு மொழியும் கணினியும் மன அமைதியும் கற்பிக்கும் அடிப்படைப் பயிற்சி 2019இல் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அதே 2019இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தீக்ஷாரம்ப் என்று வடமொழிப் பெயரிட்டு எல்லாக் கல்லூரிகளுக்கும் வழிகாட்டியது. பெயர் எதுவானால் என்ன, பயன் கிடைத்தால் போதும் என்பேன். ஆனால் அந்த நாட்களில் நடப்பது என்ன? குத்துவிளக்கு, பொன்னாடை, முதல்வர் உரை, தாளாளர் உரை, சிறப்பு விருந்தினர் உரை. பேசுபவன் நான், உரையின் பயன் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா!

எனவே சில கோரிக்கைகள். அந்த அறிமுக நாட்களில் ஒரு நாளையாவது தமிழில் நடத்துங்கள். கல்லூரிக்குள் புழங்கும் சொற்களின் பொருளை ஒரு தாளில் அச்சிட்டு, சேரும் நாளிலேயே கையில் கொடுங்கள். பெருந்தலைவர் காமராசர் பெயரால் புதுவையில் கல்வி நிதியுதவித் திட்டம் உள்ளது, போற்றுகிறேன். ஆனால் முதலாண்டு மாணவனுக்குப் பணம் தேவைப்படுவது முதல் நாற்பது நாட்களில். புத்தகம், வெள்ளை மேலங்கி, டிராஃப்டர், விடுதி முன்பணம் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தை நெரிப்பது அப்போதுதான். அந்த நாற்பது நாட்களுக்கென ஒரு சிறு தொகையை, சேர்க்கை ஆணையோடு சேர்த்தே கொடுத்தால் என்ன? பொதுக்கூட்டத்துக்கு நாம் கட்டும் ஒரு வளைவின் செலவில் எத்தனை டிராஃப்டர் வரும் என்று நம் தோழர்களும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். சுடும், எனக்கும் சுட்டது.

அந்த 10 விழுக்காட்டில் நுழைந்த பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்ந்தார்கள் என்று செய்தி வெளியிட்டோம், படம் எடுத்தோம். இரண்டாம் ஆண்டில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள், எவர் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார் என்பதை அரசு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கட்டும். எண்ணிக்கை கேட்பது பழி சொல்வதற்காக அன்று. தவறி விழுந்தவன் எந்தப் படியில் விழுந்தான் என்று தெரிந்தால்தானே அந்தப் படியைச் செப்பனிட முடியும்?

இவ்வாண்டு வாயிலைக் கடக்கப்போகும் தம்பி தங்கையரே, உங்களிடமும் ஒரு சொல். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல் இப்போதே வாங்கி வையுங்கள்; மூன்று படிகளாவது எடுத்து வையுங்கள். முதல் வாரத்தில் வகுப்பில் விளங்காத சொல்லை எழுதி வையுங்கள். மாலையில் ஒருவரிடம் கேளுங்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்று அஞ்சுவீர்கள். சிரிப்பார்கள், இரண்டு நாள் சிரிப்பார்கள். நான் கேட்காமல் இருந்து இருபது ஆண்டுகளாகின்றன. வீட்டில் பணம் இல்லையென்பது உங்கள் குற்றமன்று. ஆனால் தேவையை வீட்டிலிருந்து மறைத்துவிடாதீர்கள். அப்பாவிடம் அந்தக் கருவியைப் பற்றி நான் சொன்னது, கல்லூரியை விட்டு எட்டு ஆண்டுகள் கழித்து. "இதுக்கா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடவில்லை.

எங்கள் தெருப் படிப்பகத்தில் சென்ற மாதம் ஓர் அலமாரியை ஒழித்து வைத்தோம். மருத்துவம் பயிலும் பெண்ணொருத்தி தன் முதலாண்டுப் புத்தகங்களைக் கொடுத்தாள். சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன் ஞாயிறு மாலைகளில் வந்து அமர ஒப்புக்கொண்டிருக்கிறான். வரைபட வகுப்பில் கடைசி இருபது நிமிடம் எனக்கு இரவல் தந்தானே, அந்தத் தோழன், தன் டிராஃப்டரை இத்தனை ஆண்டுகளும் பரணில் வைத்திருந்தான். துடைத்துக் கொண்டுவந்து தந்தான். ஒரு திருகு மட்டும் தளர்ந்திருந்தது. மிதிவண்டிக் கடையில் கொடுத்து முடுக்கிவிட்டோம். முதலாண்டுப் பிள்ளைகள் யார் வேண்டுமாயினும் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம்.