ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் ஒரு தம்பி!

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியவர்களுக்கு சஸ்பென்ஷனின் அருமை தெரியும். இடுப்பு வலி மட்டுமா பிரச்னை? சக்கரம் ரோட்டைவிட்டு எழும்பும் நொடியில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் சொன்னபடி கேட்காது.

இதைச் சமாளிக்க வண்டியில் இருப்பது இரண்டே பேர். எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அவ்வளவு எதிர்ப்பது ஸ்பிரிங். எவ்வளவு வேகமாக அமுங்குகிறதோ அவ்வளவு எதிர்ப்பது ஷாக் அப்சார்பர். இரண்டையும் இளக்கமாக வைத்தால் பயணம் சுகம். ஆனால், வளைவில் வண்டி சாயும். இறுக்கமாக வைத்தால் சாயாது. நம் முதுகு பதம் பார்க்கப்படும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மால்கம் ஸ்மித் இதை மின்சுற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே ரெசிஸ்டர், காயில், கெப்பாசிட்டர் என மூன்று பேர். ஷாக்கும் ஸ்பிரிங்கும் முதல் இருவருக்கு ஜோடி. கெப்பாசிட்டருக்குச் சரியான ஜோடி இல்லையே? அந்த இடத்தை நிரப்ப 2002-ல் அவர் அறிமுகப்படுத்தியதுதான் ‘இனர்ட்டர்’.

பாட்டி வீட்டுத் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய சக்கரத்தைச் சுழலவைப்பதும் கஷ்டம், சுழன்ற பிறகு நிறுத்துவதும் கஷ்டம். இனர்ட்டரின் இரு முனைகளும் நெருங்கும்போதோ விலகும்போதோ, உள்ளே பற்சக்கரமோ திருகோ ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். வேகம் திடீரென்று மாறினால், அந்தச் சக்கரம் முரண்டுபிடிக்கும். எடை குறைவு, முரண்டோ பல மடங்கு! பேட்டரி, கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம்.

மெக்லாரன் அணி இதை ரகசியமாக வாங்கி, ‘ஜே டேம்பர்’ என்று அர்த்தமே இல்லாத பெயர் சூட்டியது. 2005 ஸ்பெயின் ஃபார்முலா 1 பந்தயத்தில், இதைப் பொருத்திய காரில் கிமி ரைக்கோனன் வென்றார். மெக்லாரனின் வரைபடம் போட்டி அணியான ரெனோவின் கைக்குப் போயும், அது என்னவென்று அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை. 2008-ல்தான் குட்டு வெளிப்பட்டது. 2022 விதிகளில் ஃபார்முலா 1 இதற்குத் தடை போட்டுவிட்டது. ரயில் பெட்டிகளிலும் கட்டடங்களிலும் பயன்படுத்த ஆய்வுகள் நடக்கின்றன.

நம் வீட்டு கார்களுக்கு இந்தத் தம்பி இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை அண்ணன்களைக் கவனியுங்கள். காரின் ஒரு மூலையை அழுத்திவிடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது. ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஷாக்கில் ஆயில் கசிந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மழையில் பிரேக் அடிக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது அதுதான்!