மாலை விழுந்த பிறகு...

பள்ளிக்கூடத்தில் நம் குழந்தைகள் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடுகிறார்கள். கூட்டங்களில் நாமும் எழுந்து நிற்கிறோம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் முகப்பில் உள்ள பாட்டு அது. பாட்டைத் தெரிந்த நமக்கு, அந்நாடகத்துப் பெண்களின் கதை தெரியுமா?

வாணி என்ற பெண் நடராசனை நேசிக்கிறாள். தகப்பனோ மந்திரி குடிலனின் மகன் பலதேவனுக்கு அவளைக் கொடுக்க நினைக்கிறான். அரசனே எடுத்துச் சொல்லியும் வாணி இணங்கவில்லை. அரசகுமாரி மனோன்மணிக்கு அந்தத் துணிவு இல்லை. நாட்டுக்கு ஆபத்து என்றதும், தகப்பன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதே பலதேவனை மணக்கச் சம்மதிக்கிறாள். கடைசி நேரத்தில் சேர அரசன் புருடோத்தமன் வந்து சேர, அவன் கழுத்தில் மாலை விழுகிறது. கதை சுபமாக முடிகிறது.

பெண்ணின் சம்மத வயதை 10லிருந்து 12ஆக உயர்த்திய சட்டத்தை, மதத்துக்கே ஆபத்து என்று சனாதனிகள் எதிர்த்த ஆண்டும் அதே 1891தான். அந்தக் காலத்தில் தமிழ் நாடகத்தில் ஒரு பெண் மறுத்து நின்றது சிறிய விஷயமல்ல.

ஆனால், மாலை விழுந்த பிறகு என்ன?

இந்தக் கேள்வியை 12 ஆண்டுகளுக்கு முன்பே நார்வே நாட்டு இப்சன் எழுப்பிவிட்டார். 1879இல் வந்த அவரது 'பொம்மை வீடு' நாடகம், கல்யாணமாகி எட்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. நோயுற்ற கணவனைக் காப்பாற்ற நோரா ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறாள். கணவன் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாத காலம். எனவே ஜாமீனுக்குத் தகப்பன் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். விஷயம் வெளிப்பட்டதும் கணவன் நன்றி சொல்லவில்லை. தன் மானம் போயிற்றே என்று சீறுகிறான். இத்தனை நாளும் தான் வெறும் பொம்மைதான் என்று நோரா உணர்கிறாள். கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள்.

கனவான்கள் கொதித்தார்கள். ஜெர்மனியில், நோரா வீட்டிலேயே தங்கிவிடுவதாக முடிவை மாற்ற வைத்தார்கள். ஆனால் கார்ல் மார்க்ஸின் மகள் எலியனோர், 1886இல் லண்டனில் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி இந்நாடகத்தை வாசித்தார். நோராவின் பாகத்தைத் தாமே ஏற்றார்.

வெளியேறிய நோராவின் கதி என்ன? சீன எழுத்தாளர் லூ சுன் 1923இல் பீகிங் மாணவிகளிடம் இதைத்தான் கேட்டார். கையில் காசில்லாவிட்டால் அவள் சீரழிய வேண்டும், அல்லது திரும்பி வர வேண்டும். பொருளாதார உரிமையே முக்கியம் என்றார்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பெண்களுக்கு இது அந்நியமான பேச்சல்ல. விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து ஷூ தைக்கப் போகிறார்கள். வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைப்பவர்களும் உண்டு. இவர்கள் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சம்பளம் யார் கையில்? கல்யாணத்துக்கு முன் நகைச் சீட்டுக்குப் போகிறது. பின்னர் வட்டிக்குப் போகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்ததோ 1961இல்!

அன்று நோராவின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இன்று கடன் கம்பெனிக்காரன் பெண்ணின் கையெழுத்தைத்தான் தேடி வருகிறான். கடன் குடும்பத்துக்கு, தவணையும் வாசலில் கேட்கும் ஏச்சும் அவளுக்கு!

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி வாசலில் முதலாளியை எதிர்த்துக் கோஷம் போடும் தோழர்களிலும் சிலர், மனைவியின் ஏடிஎம் அட்டையைத் தம் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். இது எந்த ஊர் சோஷலிசம்?

சம வேலைக்குச் சம கூலி, வீட்டில் தைப்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி, வேலையிடத்தில் குழந்தைகள் காப்பகம், சாதி கடந்து மணப்போருக்கு அரிவாள் பயமின்றி வாழப் பாதுகாப்பு - இவற்றுக்காகச் சங்கம் போராட வேண்டும். ஆனால் அவள் சம்பளம் அவள் கையில் இருப்பதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை. அதை இன்றே, நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்!