ஓசையில்லாத எஸ்

படுவான்கரைப் பழுகாமம் என்ற ஊர்ப்பெயர் ஆங்கிலத்துக்குப் போனால் ழகரத்தை இழந்துவிடுகிறது. இலங்கையில் அதற்கு எல் எழுத்துத்தான். ககரத்துக்குச் சிலர் ஜி போடுவார்கள், சிலர் எச். தமிழிலும் அந்தக் ககரம் மெலிந்துதான் ஒலிக்கிறது, ஆனால் உயிர்களுக்கு நடுவில் வந்தால் மெலியும் என்ற ஒழுங்கு பிள்ளையின் காதுக்குத் தானாகவே பிடிபட்டுவிடும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. வாவிக்கரைப் பிள்ளைக்குத் தீவு தெரியும். ‘ஐலண்ட்’ என்று எழுதும்போது நடுவில் எஸ் எதற்கென்று தெரியாது. பழைய ஆங்கிலச் சொல்லில் அந்த எஸ் கிடையவே கிடையாது. லத்தீன் ‘இன்சுலா’ வழிவந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு உறவென்று தவறாக எண்ணிப் பிற்காலத்தில் செருகிவிட்டார்கள். ‘நைஃப்’ முன்னால் நிற்கும் கே வேறு கதை, அதை ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள். 1476இல் வில்லியம் கக்ஸ்ரன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் தொடங்கினார். அதன்பின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, நாக்கோ மாறிக்கொண்டே போனது. இந்தக் கதையை வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதைச் சொல்லாமல், சொல்வதெழுதலில் எஸ்ஸை விட்ட பிள்ளைக்குச் சிவப்புக் கோடு இழுப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. அந்தப் பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதியது.