பின் பெஞ்சு

போன மாதம் என் தங்கை மகன் மதுரையிலிருந்து புதுத் தார் வண்டியை ஓட்டிக்கொண்டு சிலமலைக்கு வந்திருந்தான். தெருவில் நிறுத்தியதும் பையன்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். "மாமா, நீங்க ஜீப்புலயே பொழப்பு நடத்துனவரு. ஏறிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றான். ஏறினேன். போடி, முந்தல், போடிமெட்டு, பூப்பாறை என்று போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினோம். அவன் கேட்டதற்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நல்லாருக்குப்பா" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

"அந்தக் காலத்து ஜீப் மாதிரி வருமா?" என்று நான் எழுதுவேன் என்று என் வயது வாசகர்கள் எதிர்பார்ப்பீர்கள். வாட்ஸப்பில் வாரம் ஒரு முறையாவது யாராவது ஒரு பழைய ஜீப் படத்தை அனுப்பி, கீழே ஒரு பெருமூச்சையும் சேர்த்து விடுகிறார்கள். அனுப்புகிறவர்களில் பலர் முன் சீட்டில் உட்கார்ந்து போனவர்கள். நானும் முன் சீட்டுக்காரன்தான். ஏலத்தோட்டத்தில் ரைட்டராக இருந்த காலம் முழுக்க டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மலை ஏறினேன். பின்னால் இருந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

முதலில் வண்டியின் கதை. ஜீப் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது. 1940-41-ல் வடிவம் கொடுத்து, வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. போர் முடிந்ததும் வில்லிஸ் அதையே விவசாயிக்கான வண்டி என்று விற்க ஆரம்பித்தது. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் வில்லிஸின் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றது. பிறகு இங்கேயே தயாரித்தது. நம் தலைமுறை பார்த்தது சிஜே 3பி என்ற மாடலை. மூக்கு தூக்கலாக இருக்கும். அதில் வைத்த எஞ்சின் பழையதைவிட உயரம், அதனால் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அழகுக்காகச் செய்ததல்ல.

அந்தப் பெட்ரோல் எஞ்சின் தண்ணீர் மாதிரி எண்ணெய் குடிக்கும். முதலாளிமார் மட்டும்தான் வைத்துக் கட்டுப்படியாகும். டீசல் வந்த பிறகுதான் ஜீப் கூலியாட்களின் வண்டியாக மாறியது. முதலில் டிராக்டர் எஞ்சினையே ஜீப்பில் இறக்கினார்கள். 1985-ல் எம்எம் 540 வந்தது, பிரான்ஸ் நாட்டு பீஜோ டீசல் எஞ்சினோடு. 60 சொச்சம் குதிரைத்திறன். பின்னால் நீளமான கமாண்டர், மேஜர் எல்லாம் வந்தன. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஆட்களை பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் நெடுங்கண்டத்துக்கும் ஏற்றிப்போனது இந்த டீசல் ஜீப்புகள்தான்.

அந்த வண்டியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாலு சக்கரத்துக்கும் பட்டைதான். ஒரு பட்டை ஒடிந்தால் போடியில் எந்தப் பட்டறையிலும் மாற்றிக்கொள்ளலாம். ஜாயின்ட் கிராஸ் போனால் டிரைவரே சாக்கை விரித்துப் படுத்து மாற்றிவிடுவார். வண்டி எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூட. நீளம் சுமார் மூன்றேகால் மீட்டர். தோட்டத்துக்குள் ஏலச்செடிக்கும் பாறைக்கும் நடுவே வெட்டிவிட்ட பாதையில் திரும்ப அந்த அளவுதான் சரி. ஸ்டோருக்குப் போகிற ஏற்றத்தில் லோ கியரைப் போட்டுவிட்டால், நடக்கிற ஆளைவிட மெதுவாக, நிற்காமல் ஏறும். அதற்கு முன்னால் அந்தப் பாதையில் பொதிமாடும் கழுதையும் தலைச்சுமையும்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காய்ச்சல்காரனை ஜீப்பில் இறக்கிப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பிழைக்க வைத்ததையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஃபோர் வீல் போட வேண்டுமென்றால், சில வண்டிகளில் முன் சக்கரத்து ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ஆடி மாதச் சாரலில், அட்டை ஊர்கிற சேற்றில் இறங்கி டிரைவர் அதைச் செய்வார். ஏறி உட்கார்ந்ததும் காலில் ரத்தம் வடியும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் பின்னால் இருக்கிற கிளீனர் பையன் குதித்துச் சக்கரத்துக்கு அடைக்கட்டை போட வேண்டும். போடுகிற கை கட்டைக்கும் டயருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பையன்கள் உண்டு.

இப்போது தாருக்கு வருவோம். பெயர் ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயர். பாலைவனத்துக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தமோ! முதல் தார் 2010-ல் வந்தது. அது பழைய ஜீப்பின் சொந்தத் தம்பி. பின்பக்கம் பட்டை, உள்ளே வெறும் தகடு. 2020-ல் வந்தது வேறு ஆள். டீசல் வண்டி 130 குதிரைத்திறன், பெட்ரோல் 150. எடை ஒன்றே முக்கால் டன் அளவுக்கு வந்துவிட்டது. நீளம் நாலு மீட்டருக்கு மயிரிழை குறைவு. நாலு மூலைக்கும் காயில் ஸ்பிரிங். காற்றுப்பை, ஏபிஎஸ், கவிழ்ந்தால் தலையைக் காக்கிற கம்பிக்கூடு. குளோபல் என்கேப் என்ற அமைப்பு மோதவிட்டுப் பார்த்து நாலு நட்சத்திரம் கொடுத்தது.

முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவையும் அவன் ஒரு கையால் ஒடித்து ஏற்றினான். பழைய ஜீப்பில் அந்த வளைவில் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டி டிரைவருக்குத் தோள்பட்டை இறங்கிவிடும். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துப் பாதையில் வேண்டுமென்றே ஒரு ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி பின்னால் உருளாமல் அப்படியே நின்றது. அடைக்கட்டை இல்லை, பையன் இல்லை. இறக்கத்திலும் பட்டனை அழுத்திவிட்டால் தானே பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குகிறது. என் முதுகு வலிக்கவில்லை, புகை நாற்றம் இல்லை, காது அடைக்கவில்லை. வண்டிக்கு வண்டி என்று பார்த்தால் புதியதே மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் அகலத்தைச் சொல்லலாம். தோட்டத்துப் பாதையில் இரண்டு இடத்தில் ஏலத்தட்டைகளை உரசிக்கொண்டு போனான். கெட்டுப்போனால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்பதும் உண்மை.

ஆனாலும் இறங்கும்போது எனக்கு ஏதோ இடித்தது. என்னவென்று தெரிய, 1994-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை. காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. ஆள் பற்றாக்குறை. விடியற்காலை நாலரைக்கு ஜீப் வந்து நிற்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். ஆளை எண்ணிப் பேரேட்டில் எழுதுவது என் வேலை. பின்பக்கம் இரண்டு பெஞ்சு, எதிரெதிராக. நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர், நடுவில் குத்தவைத்து நாலைந்து பேர், பின்தட்டில் காலைத் தொங்கவிட்டு இன்னும் சிலர். அன்று 17 பேர் ஏறிவிட்டார்கள். டிரைவர் அண்ணன், "போதும் ரைட்டரே, மழையில ரோடு சரியில்ல" என்றார். நான்தான், "இன்னும் ரெண்டு பேரு ஏறட்டும்ணே, நாளைக்குக் காய் பழுத்துப்போகும்" என்றேன்.

மெட்டு தாண்டி, தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பிய பிறகு ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றது. பிரேக் பிடித்தும் சேற்றில் வழுக்கிப் பின்னாலேயே வந்து ஒரு பலா மரத்தில் முட்டியது. பெரிய வேகம் இல்லை. முன் சீட்டில் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்தட்டில் கடைசியாக ஏறிய அக்காவின் கால் மரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் மலை ஏறவில்லை. தோட்டத்தில் கொடுத்த பணம் வைத்தியத்துக்கே போதவில்லை. பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "ரைட்டரே, சாப்பிட்டீகளா?" என்று கேட்பார். ஒரு நாளாவது அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது என் மருமகன் வண்டியில் எனக்கு இடித்தது எது என்று புரியும். அது நாலு பேர் உட்கார்கிற வண்டி. 2020-ல் வந்தபோது பின்னால் பக்கவாட்டு சீட்டு வைத்து ஆறு பேர் உட்காரும் மாடல் ஒன்றும் இருந்தது. அதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். 2023-ல் ஃபோர் வீலே இல்லாத தார் வந்தது. அதைக் கேலி செய்ய வேண்டாம். நம் லேபர் ஜீப்புகளிலும் பல டூ வீல்தான். 2024-ல் ஐந்து கதவு வைத்த ராக்ஸ். அதில் மேற்கூரைக் கண்ணாடி திறக்கிறது, சீட்டுக்கே காற்று வருகிறது. கூடுதலாக வந்த பத்திரம், பலம், சுகம் எல்லாம் முன் சீட்டு ஆட்களுக்கு வந்து சேர்ந்தது. பின் பெஞ்சு மட்டும் வண்டியை விட்டு இறங்கிவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. இன்றைக்கும் விடியுமுன் போடியில் போய் நின்று பாருங்கள். பழைய கமாண்டர், மேஜர், கூடவே பொலிரோ, ட்ராக்ஸ். ஜீப்பின் பெயரையும் முகத்தையும் தார் எடுத்துக்கொண்டது. ஜீப்பின் வேலையை இந்த வண்டிகள் செய்கின்றன. இவற்றை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. எங்காவது ஒன்று கவிழ்ந்தால் ஒரு வாரம் சோதனை நடக்கும், அபராதம் போடுவார்கள். அப்புறம் பழையபடி ஆகிவிடும்.

கொழுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தேனி மாவட்டத்து மலை, ஆனால் ஜீப் போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. 7,000 அடிக்கு மேல், கல்லும் பள்ளமுமான பாதை. விடியலைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் அங்கே பழைய ஜீப்பில்தான் ஏறுகிறார்கள். குலுங்கிக் குலுங்கி ஏறிவிட்டு, "என்ன ஒரு அனுபவம்!" என்கிறார்கள். காசு கொடுத்து ஒரு நாள் படுகிறவர்களுக்கு அது அனுபவம்தான். வருஷத்தில் பாதி நாள் அதே குலுக்கலில் போய்க் குனிந்து காய் எடுத்துவிட்டு, அதே குலுக்கலில் திரும்புகிறவர்களின் இடுப்பை யாரும் கேட்பதில்லை.

"ஆளைக் குறைத்து ஏற்றினால் வண்டி வாடகை யார் கொடுப்பது?" என்று முதலாளிகள் கேட்பார்கள். நானே அவர்களுக்காக இந்தக் கேள்வியைக் கேட்டுப் பிழைத்தவன். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த வருஷமாவது பெஞ்சில் ஆள் குறைந்ததா? இல்லை. ஆகவே காய் விலையைக் காரணம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். மெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு ரோடு அகலமாகிவிட்டது. தார் ரோடு உள்ளவரை ஆட்களை வேனில் கொண்டுபோகலாம். ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் போகிற கடைசி இரண்டு மூன்று மைலுக்கு மட்டும் ஜீப், பத்துப் பேருக்கு மேல் இல்லாமல், இரண்டு நடையாக. பின்தட்டில் ஆள் கூடாது. வாடகையில் கூடுவதைத் தோட்டம் ஏற்க வேண்டும், கூலியில் பிடிக்கக் கூடாது. இதற்குக் கம்பெனிக்காரர்கள் யாரும் புது வண்டி கண்டுபிடிக்க வேண்டாம். கண்டுபிடித்தால் சந்தோஷம். உருளாமல் நிற்கிற அந்த வித்தையையும் கம்பிக்கூட்டையும் பத்துப் பேர் பெல்ட் போட்டு உட்கார்கிற ஒரு முரட்டு வண்டியில் வைத்துக் கொடுத்தால், இந்த வயதிலும் போடிக்குப் போய் வேடிக்கை பார்ப்பேன்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது போடிமெட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு லேபர் ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. படுதா சுருட்டிக் கட்டியிருந்தது. கடைசியில் இருந்த பெண் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மருமகன் ஹாரன் அடித்து முந்தப் பார்த்தான்.

"விடுப்பா, முன்னால போகட்டும்" என்றேன்.

"மெதுவாப் போறாங்க மாமா."

"மெதுவாத்தான் போகணும்."

முந்தல் வரை அவர்கள் பின்னாலேயே வந்தோம். பழைய பழக்கம், வளைவுக்கு வளைவு தலையை எண்ணிக்கொண்டே வந்தேன். டிரைவரைச் சேர்க்காமல் 14.