ஆறிய பின் ஆற்றுதல்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குக் காற்று என்றாலே ஒரு பயம். முடிந்த பீரில் காற்றுப் பட்டால் நாள்பட நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும், ஹாப்ஸ் பூவின் மணம் மங்கிப்போகும். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது குழாயை அடிவரை இறக்கி, சலசலப்பே இல்லாமல் நிரப்புவார்கள். அதே ஆட்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் அதே சரக்கை வாளியோடு பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கியிருப்பார்கள், உள்ளே காற்றுப் போகட்டும் என்று.

இரண்டும் சரிதான். முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அதை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். கொதியில் அதிலிருந்த ஆக்சிஜன் அநேகமாக முழுவதும் வெளியேறிவிடும். அப்படியே ஆறவைத்து ஈஸ்ட்டைப் போட்டால் அதற்குக் கஷ்டம். ஈஸ்ட் பெருக வேண்டும். பெருகப் புதுச் செல்லுக்குச் சவ்வு வேண்டும். சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால்களையும் ஒருவகைக் கொழுப்பு அமிலங்களையும் ஆக்சிஜன் இல்லாமல் அதனால் செய்துகொள்ள முடியாது. தாய்ச் செல்லிடம் இருக்கும் கையிருப்பைத்தான் சேய்கள் பங்கு போட்டுக்கொள்ளும். நாலைந்து தலைமுறையில் கையிருப்பு தீர்ந்துவிடும். ஈஸ்ட் சோர்ந்து, இனிப்பு மிச்சமிருக்கும்போதே வேலையை நிறுத்திவிடும்.

லீட்ஸில் இருக்கும் என் தங்கை மகன் கராஜில் பீர் காய்ச்சுகிறான். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம். அன்றைய நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் பட்ஜெட்டில் எடுத்துவிட்டார். (இதைப் படித்துவிட்டு யாரும் மாம்பலம் பிளாட்டில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். நம் ஊரில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது.) போன கோடையில் அங்கே போயிருந்தபோது என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டான்.

"மாமா, அந்தப் பக்கம் பிடிங்க. கீழே துண்டை விரிச்சிருக்கேன் பாருங்க, அது மேலேயே வச்சு ஆட்டணும். தூக்கிடாதீங்க, இடுப்பு போயிடும்."

இருபத்துமூன்று லிட்டர் வாளி. மூடியை இறுக்கி, அடி விளிம்பைத் துண்டின் மேல் சாய்த்து உருட்டி உருட்டி ஆட்டினோம். வோர்ட் சுவரில் மோதும் சத்தம் முதலில் கனமாகக் கேட்டது. போகப்போக நுரை கட்டி மெத்தென்று ஆகிவிட்டது. திறந்தபோது பழுப்புச் சாற்றின் மேல் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. செலவில்லாத வழி இதுதான். இதைவிட சோம்பேறி வழியும் உண்டு. டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றுவது. நடுவே வடிகட்டி பிடித்தால் இன்னும் நல்லது. ஒரு வித்தியாசம்: டீயை ஆற்றுவது சூடு தணிய, வோர்ட்டைச் சூடு தணிந்த பிறகே ஆற்ற வேண்டும். சூட்டில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு, கரைந்தது வோர்ட்டோடு வினைபுரிந்து கெடுக்கவும் செய்யும். எவ்வளவு கெடுக்கும் என்பதில் காய்ச்சுகிறவர்களுக்குள் ஓயாத சண்டை. இருபது டிகிரிக்கு இறக்கிவிட்டால் அந்தச் சண்டையில் நாம் கலந்துகொள்ள வேண்டியதில்லை.

பணம் செலவழிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் கடையில் சாமான் இருக்கிறது. மீன்தொட்டிப் பம்ப், அதன் குழாயில் கிருமி வடிகட்டி, நுனியில் பொடிப்பொடியான துளைகள் கொண்ட ஸ்டீல் கல். பார்க்க ஆய்வுக்கூடம் மாதிரி இருக்கும். ஆனால் பம்ப் ஊதுவதும் நாம் சுவாசிக்கும் காற்றைத்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். காற்றை எப்படிச் செலுத்தினாலும் ஆறிய வோர்ட்டில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவோடு நின்றுவிடும். உலுக்கியே கிட்டத்தட்ட அங்கே போய்விடலாம். பம்ப் மிச்சப்படுத்துவது நம் தோள்பட்டையை. அதுவும் நுரை பொங்கி வாளியைத் தாண்டித் தரையில் வழிகிறவரை.

எட்டைத் தாண்ட வேண்டுமென்றால் சுத்த ஆக்சிஜன்தான் வழி. வெல்டிங் சாமான் கடையில் விற்கும் சின்ன சிலிண்டரை அதே ஸ்டீல் கல்லோடு இணைத்து, சுமார் ஒரு நிமிடம் மெதுவாக விட்டால் போதும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. இதில் அளவு மீறவும் முடியும், ஈஸ்ட்டுக்கு அதுவும் ஆகாது.

நாங்கள் ஆட்டி முடித்ததும், பையன் ஃப்ரிட்ஜிலிருந்து ஈஸ்ட் பாக்கெட்டை எடுத்தான். உலர் ஈஸ்ட். அதன் தயாரிப்பாளர்களே சொல்வது: முதல்முறை போடும்போது வோர்ட்டுக்குக் காற்று ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. தொழிற்சாலையில் தாராளமாகக் காற்றூட்டி வளர்த்து, ஸ்டெரால் கையிருப்போடுதான் உலர்த்துகிறார்கள்.

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு நேரம் ஆட்டினோம்?"

"ஆட்டினா ஒண்ணும் கெட்டுப்போகாது மாமா. ஆட்டாம இருந்தா மனசு கேக்காது."

இந்தப் பொழுதுபோக்கில் பாதிச் சாமான்கள் விற்பது இந்த மனசு கேட்காமைக்காகத்தான் என்பது என் சந்தேகம். திரவ ஈஸ்ட் வாங்குகிறவர்களுக்கும், ஒருமுறை பயன்படுத்திய ஈஸ்ட்டை அடியிலிருந்து அள்ளி மறுபடி போடுகிறவர்களுக்கும்தான் காற்றூட்டுவது உண்மையில் முக்கியம். அவர்களிலும் சாதாரண பீர் காய்ச்சுகிறவனுக்கு இரண்டு கையும் ஒரு மூடியும் போதும்.

காற்றே வேண்டாம் என்று ஒருவர் முயன்று பார்த்ததும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள நியூ பெல்ஜியம் ஆலையில் கிரேடி ஹல் என்பவர், சேமிப்பிலிருந்த ஈஸ்ட்டில் ஆலிவ் எண்ணெயைக் கலந்து பார்த்தார். ஆக்சிஜன் இருந்தால் ஈஸ்ட் தானே செய்துகொள்ளும் கொழுப்பு அமிலத்தை நாமே ஊட்டிவிடலாமே என்பது கணக்கு. அவர் சேர்த்தது ஈஸ்ட்டில். செய்தி பரவியதும் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் வோர்ட்டிலேயே ஊற்ற ஆரம்பித்தார்கள். அவருடைய கணக்குப்படி ஒரு வாளிக்கு வேண்டியது ஒரு துளியிலும் மிகச் சிறிய பங்கு. அதை அளக்க வீட்டில் ஏது வழி? ஊசி நுனியைத் தோய்த்துப் போடுகிறார்கள்.

ஈஸ்ட் வேலையைத் தொடங்கிய பிறகு காற்றே படக் கூடாது என்ற விதிக்கும், லீட்ஸுக்குப் பக்கத்திலேயே விலக்கு இருக்கிறது. டாட்காஸ்டரில் சாமுவேல் ஸ்மித் ஆலையில் கல் பலகைகளால் ஆன சதுரத் தொட்டிகள்; யார்க்‌ஷர் ஸ்குவேர் என்று பெயர். அங்கே பொங்கிக்கொண்டிருக்கும் பீரையே அடியிலிருந்து பம்ப் செய்து மேலே தெளிக்கிறார்கள். அந்த ஈஸ்ட் சீக்கிரம் திரண்டு ஒதுங்கிவிடும் ரகம். கலக்கிவிட்டு, கொஞ்சம் காற்றும் காட்டினால்தான் வேலை செய்யும்.

ஊருக்குக் கிளம்புமுன் பையன் கேட்டான், ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கலாமா என்று. வழக்கமான பீருக்கென்றால் வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பார்லி ஒயின் என்ற பத்து சதவீத ஆல்கஹால் பீர் காய்ச்சப்போகிறானாம், திரவ ஈஸ்ட் போட்டு. அந்தக் கெட்டி வோர்ட்டில் ஆக்சிஜன் கரைவது குறைவு. ஈஸ்ட்டுக்கு வேண்டியதோ அதிகம். உலுக்கிக் கட்டுப்படியாகாது. வாங்கிக்கொள், ஆனால் உன் அம்மாவிடம் விலையைச் சொல்லாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.