சூரியனுக்கு ஓவர்டைம்

டிசம்பர் பிறந்தால் ஓசூர்க்காரன் தலையில் மங்கி குல்லா ஏறிவிடும். அந்தக் குல்லாவோடுதான் போன டிசம்பரில் நாங்கள் நாலு பேரும் அந்தமானுக்குக் கிளம்பினோம். ''டிசம்பர்னா எல்லா ஊர்லயும் டிசம்பர்தானே?'' என்று இரண்டாவது ஸ்வெட்டரையும் பெட்டியில் திணித்தாள் என் சகதர்மிணி.

நாலு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிப்காட்டில் ஒரே தொழிற்சாலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்கள். அப்பா அம்மா வைத்த பெயர் மறந்துபோய் டிபார்ட்மென்ட்தான் பெயர். ஸ்டோர்ஸ், டூல் ரூம், பெயிண்ட் ஷாப். அடியேன் இன்ஸ்பெக்ஷன். மூன்று பேர் ரிடையராகிவிட்டோம். டூல் ரூமுக்கு மாதக் கடைசியில் பிரிவு உபசாரம். ''மாலை, சால்வையெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு தீவைப் பார்க்கணும்'' என்று அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டில் தவம் கிடந்து, தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர மூன்று மணி நேரம். அங்கிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்ட இரண்டரை மணி நேரம்தான்!

இறங்கியதும் ஸ்வெட்டருக்குள் இட்லி மாதிரி வெந்தோம். நாம் போர்ட் பிளேர் என்று படித்த ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் பெயிண்ட் ஷாப் ஒரு ஹிந்தி வாக்கியத்தைப் பாதி கட்டி முடித்திருந்தார். ''எங்க சார் போகணும்?'' என்றார் ஆட்டோக்காரர். வங்காளி, ஹிந்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் புழங்குகிற ஊர். கூடவே கொஞ்சம் கன்னடமும் காதில் விழுந்திருந்தால், ஓசூர் பஸ் ஸ்டாண்டேதான்.

செல்லுலார் ஜெயிலுக்குப் போனோம். 1906-ல் கட்டி முடித்தது. ஏழு நீளக் கட்டடங்களில் இன்று நிற்பவை மூன்று. ஆளுக்கு ஓர் அறை. ஒரு கட்டடத்தின் முகம் அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். கைதிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிடக் கூடாதாம். ''நம்ம மூணு ஷிப்ட் மாதிரி...'' என்று ஆரம்பித்தேன். டூல் ரூம் முறைத்தார். ''நமக்குச் சம்பளம் குடுத்தாங்கடா.'' வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கப்பலேறி ஹேவ்லாக். 2018-லிருந்து அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்கேதான் ராதாநகர் கடற்கரை. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியது. சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். ''ஆறு மணிக்குத்தானே? ஒரு தூக்கம் போட்டுட்டுப் போலாம்'' என்றார் ஸ்டோர்ஸ். ஐந்தரைக்குப் போனால் கூட்டம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சூரியன் பஞ்ச் அவுட் பண்ணிவிட்டுப் போய் அரை மணியாகிவிட்டது!

விஷயம் இதுதான். நாடு முழுக்க ஒரே கடிகாரம். சூரியனுக்கு அது தெரியாது. ஓசூர் இருப்பது ஏறக்குறைய 78 டிகிரி தீர்க்கரேகையில், அந்தமான் 93-ல். டிகிரிக்கு நாலு நிமிஷம், பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம். டிசம்பரில் அங்கே காலை ஐந்தரைக்கு விடிகிறது, மாலை ஐந்துக்கு மறைந்துவிடுகிறது.

அடுத்த நாள் நாலு மணிக்கே போய் மணலில் உட்கார்ந்துவிட்டோம். சூரியன் மெள்ள இறங்கியது. பெயிண்ட் ஷாப் திடீரென்று கேட்டார்: ''நாம நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கோமாடா?''

யோசித்தோம். சாயங்காலம் என்றால் ஒருத்தர் செகண்ட் ஷிப்டில் உள்ளே இருப்பார். ஒருத்தர் நைட் ஷிப்டுக்காகத் தூங்குவார். கேட்டில் மாறும்போது ''சாப்டியா?'', ''ம்''. முப்பது வருஷச் சிநேகிதம் அவ்வளவுதான்.

''எங்கப்பா போனப்ப மூணு பேரும் வந்தீங்க, மூணு வேளையில. தூக்கறப்ப ஒருத்தர்கூட இல்ல'' என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னவோ போலிருந்தது. எங்கள் யாருக்கும் பதில் வரவில்லை. டூல் ரூம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். சூரியன் கடலுக்குள் போனது. ஸ்டோர்ஸ் மட்டும் பழக்கதோஷத்தில் வாட்ச்சைப் பார்த்தார்.

பேத்தி கேட்ட கிளிஞ்சலைக் கொண்டு வரவில்லை. சங்கு, பவளமெல்லாம் அனுமதியில்லாமல் எடுத்து வரக் கூடாது, சட்டம். ஸ்வெட்டர்கள்தான் மடிப்புக் கலையாமல் திரும்பின.

இப்போது தினமும் ஐந்தரைக்கு ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையில் நாலு பேரும் ஆஜர், மங்கி குல்லாவோடு. அந்தமானில் ஐந்துக்கே வீட்டுக்குப் போய்விடுகிற சூரியன், எங்கள் ஊரில் டிசம்பரில்கூட ஆறு மணி வரை ஓவர்டைம் பார்க்கிறார். முப்பது வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள்தான் உள்ளே இருந்துவிட்டோம்.